வாய் வைக்காத நாட்களிலும் வற்றாத பால்

(உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி, மாவட்ட மைய நூலக அரங்கில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் ஏழு நாட்களைத் தாய்ப்பால் வாரமாக உலகம் கொண்டாடி வருகிறது. இந்த வாரத்தில் தாய்ப்பாலின் பெருமையைப் பேசாத மேடை இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அதை நான் மறுபடி சொல்லப்போவதில்லை.

நான் பேச வந்தது, பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் திடீரென்று ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி. பிள்ளை குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கலாம். தாய்க்கு அறுவை சிகிச்சை நடக்கலாம். வெளியூர்ப் பரீட்சை, பயிற்சி, துக்க வீடு என்று நாலு நாள் பிரிய நேரலாம். நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையே சளியாலோ வாய்ப்புண்ணாலோ சில நாள் மார்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அந்த நாட்களில் பாலை எப்படிக் காப்பாற்றுவது?

பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுக்க என் காதில் விழுந்த கேள்வி இது. பிள்ளை உள்ளே இன்குபேட்டர் பெட்டியில் இருக்கும். தாய் வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். "சிஸ்டர், நாலு நாளாப் புள்ள வாய் வைக்கலை. இனிமே எனக்குப் பால் வருமா?" என்று கேட்பாள். பக்கத்தில் இருக்கும் மாமியார், "அவளுக்குப் பால் இல்ல சிஸ்டர், பவுடர் டப்பா வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?" என்பார். இரண்டு பேரும் பிள்ளையின் நன்மைக்காகத்தான் பேசுகிறார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று விரிவாகச் சொல்லப்போகிறேன். பிள்ளை வாய் வைக்காததால் மட்டும் பால் வற்றுவதில்லை. மார்பிலிருந்து பாலை எடுக்காமல் விடுவதால்தான் வற்றுகிறது. பிள்ளை எடுக்க முடியாத நாட்களில் கை எடுக்கலாம், பம்ப் எடுக்கலாம். எடுத்துக்கொண்டே இருந்தால் பால் இருந்துகொண்டே இருக்கும்.

பால் ஊறுவது எப்படி

இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை, உடம்பு இயங்கும் விதமே இதுதான். பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும், கர்ப்ப காலத்தில் பாலைத் தடுத்து வைத்திருந்த ஹார்மோன் சரசரவென்று இறங்குகிறது. முதலில் சீம்பால், இரண்டாம் மூன்றாம் நாள் வாக்கில் மார்பு கனத்துப் பால் இறங்குவது, இவ்வளவும் பெரும்பாலும் தானாகவே நடக்கும். அதற்குப் பிறகு தானாக நடப்பது குறைந்துகொண்டே வரும். பாலை எடுத்தால்தான் மேலும் பால்.

காம்பில் தூண்டுதல் ஏற்படும்போது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் உண்டான பாலைக் குழாய்களுக்குள் தள்ளிவிடுகிறது. புரோலாக்டின் இரவில் கூடுதலாக இருக்கும். ஆக்சிடோசினோ தாயின் மனநிலையை ஒட்டியது. பிள்ளையின் அழுகுரலைக் கேட்டாலே சில தாய்மாருக்குச் சேலை நனைந்துவிடும். வலியும் பயமும் அவமானமும் அதே ஆக்சிடோசினைக் கொஞ்ச நேரம் அடக்கிவிடும். அப்போது மார்பில் பால் இருக்கும், இறங்காது. "பால் இல்லை" என்று முடிவு கட்டுகிற பல வீடுகளில் உண்மையில் நடப்பது இதுதான்.

மூன்றாவதாக, மார்புக்கு உள்ளேயே ஒரு கணக்கு நடக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹார்ட்மனும் அவருடைய குழுவினரும் தாய்மாரின் மார்பளவை நுட்பமாக அளந்து ஆராய்ந்தார்கள். மார்பு நிறைந்திருக்கும்போது பால் உற்பத்தி மெதுவாகிறது, காலியாக ஆக வேகம் எடுக்கிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம் ஊரில் சொல்வது இதற்கும் பொருந்தும். "சேர்த்து வைத்து ஒரேயடியாக எடுத்தால் நிறைய வரும்" என்று சில தாய்மார் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் காத்திருக்கிறார்கள். அந்த ஒரு வேளைக்கு நிறையத்தான் வரும். ஆனால் நிறைந்து கனத்துக் கிடந்த அத்தனை நேரமும் உற்பத்தி சுருங்கிக்கொண்டிருந்தது. அப்படியே நாட்கணக்கில் போனால் பால் சுரக்கும் உயிரணுக்களே குறையத் தொடங்கும்.

நிறுத்துவது அவசியம்தானா?

இடைவெளி என்றதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த இடைவெளி உண்மையிலேயே தேவையா என்பது. தேவையே இல்லாமல் நிறுத்தப்படும் பால் நம் ஊரில் ஏராளம்.

தாய்க்குக் காய்ச்சல் என்றதும் பாலை நிறுத்திவிடுகிறார்கள். சாதாரணச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதற்கும் நிறுத்த வேண்டியதில்லை. கிருமியை எதிர்க்கத் தாயின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருட்கள் பால் வழியாகப் பிள்ளைக்கும் போகின்றன. 2020இல் கொரோனா வந்தபோது பல இடங்களில் பிறந்த பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்தார்கள். முகக்கவசம் அணிந்து, கை கழுவிப் பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டே தெளிவாகச் சொன்னது. காசநோய்க்கு மருந்து சாப்பிடும் தாய்மாரும் மருத்துவரின் மேற்பார்வையில் பால் கொடுக்கலாம். பால் கட்டி மார்பு சிவந்து வலித்தாலும் கொடுக்கலாம், அந்த நேரத்தில் நிறுத்தினால்தான் வீக்கம் கூடும். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்று நீல விளக்கின் கீழ் வைத்திருந்தாலும் பெரும்பாலும் பாலை நிறுத்தத் தேவையில்லை.

அடுத்தது மாத்திரை. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், அமாக்சிசிலின், செஃபலெக்சின் போன்ற அன்றாட மருந்துகளைப் பால் கொடுக்கும் தாய்மார் சாப்பிடலாம். பல் பிடுங்கப் போடும் மரப்பு ஊசிக்காக ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். முழு மயக்கம் கொடுத்துச் செய்த அறுவை சிகிச்சையாக இருந்தாலும், தாய் நன்றாக விழித்துத் தெளிந்து பிள்ளையைப் பிடிக்க முடிகிற நிலைக்கு வந்ததும் பொதுவாகக் கொடுக்கலாம். சி.டி. ஸ்கேனுக்கு வழக்கமாக ஏற்றும் அயோடின் கலந்த சாய மருந்துக்காகவும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்துக்காகவும் 24 மணி நேரம் பாலைக் கொட்டச் சொல்வது பழைய வழக்கம். பாலில் போகும் அளவு மிகமிகக் குறைவு என்பதால் நிறுத்தத் தேவையில்லை என்பதே இன்றைய நிலைப்பாடு.

உண்மையிலேயே நிறுத்த வேண்டிய மருந்துகளும் உண்டு. தைராய்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன்பே அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுப்பதை முழுவதுமாக முடித்துக்கொள்ள வேண்டும். புற்றுநோய்க்கான கீமோதெரபி நேரத்தில் பால் கொடுக்கக் கூடாது. சில வகைக் கதிரியக்க ஸ்கேன்களுக்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ இடைவெளி வேண்டும், எவ்வளவு நேரம் என்பதை அந்தத் துறை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே "இந்த மருந்துக்குப் பால் கொடுக்கக் கூடாது" என்று யாராவது சொன்னால், பணிவாக மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை நாளுக்கு? இதற்குப் பதிலாகப் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற வேறு மருந்து உண்டா? எடுக்கும் பாலைச் சேமிக்கலாமா, கொட்ட வேண்டுமா? ஒவ்வொரு மருந்தும் பாலில் எவ்வளவு போகிறது என்பதைத் தொகுத்து அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் லாக்ட்மெட் என்ற தரவுத்தளத்தை இலவசமாக வைத்திருக்கிறது. மருத்துவர்கள் கைபேசியிலேயே ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம்.

கையால் பால் எடுக்கும் முறை

சரி, இடைவெளி தவிர்க்க முடியாதது என்று உறுதியாகிவிட்டது. இனி பிள்ளை செய்யும் வேலையைக் கை செய்ய வேண்டும்.

பிள்ளை பிறந்த முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து முறை எடுக்க வேண்டும். பிறந்ததிலிருந்தே பிள்ளை பிரிந்திருந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள், முடியாவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது. பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்கலாம். இரவில் ஒரு முறையாவது எழுந்து எடுக்க வேண்டும், நான்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. பெரிய பிள்ளையாக இருந்தால், அது வழக்கமாக எத்தனை முறை குடிக்குமோ அத்தனை முறை எடுத்தால் போதும். கடிகாரத்தைப் பார்த்து எடுப்பதைவிடப் பிள்ளையின் பசி நேரத்தைப் பார்த்து எடுப்பது எளிது, மார்பும் அந்த நேரத்துக்குப் பழகியிருக்கும்.

கையால் எடுக்கும் முறையைச் சொல்கிறேன். செவிலியர் பயிற்சி மாணவிகள் கவனமாகக் கேளுங்கள், உங்களிடம்தான் நாளை தாய்மார் கேட்பார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, கொதிக்க வைத்து ஆறிய அகலவாய்க் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். சாய்ந்து வசதியாக உட்கார்ந்து, வெதுவெதுப்பான துணியை இரண்டு நிமிடம் மார்பில் ஒத்தி, விலாப்பக்கமிருந்து காம்பை நோக்கி மெதுவாக நீவிவிட வேண்டும். பிறகு கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து சுமார் மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு இரு விரல்களையும் ஒன்றையொன்று நோக்கி அழுத்தி, விட வேண்டும். அழுத்து, விடு, அழுத்து, விடு என்று பிள்ளை சப்பும் தாளத்தில் செய்ய வேண்டும். தோலின் மேல் விரல் வழுக்கித் தேயக் கூடாது. காம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. ஓரிடத்தில் ஓட்டம் குறைந்ததும் விரலைச் சுற்றி நகர்த்தி அடுத்த இடம் பார்க்கலாம். ஒரு பக்கம் ஐந்து நிமிடம், மறுபக்கம் ஐந்து நிமிடம் என்று மாற்றி மாற்றி மொத்தம் இருபது முப்பது நிமிடம் போதும். முதல் ஓரிரு நிமிடம் ஒன்றும் வராது. அதைக் கண்டு எழுந்துவிடாதீர்கள். வலித்தால் முறையில் பிழை இருக்கிறது என்று அர்த்தம், செவிலியரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பம்ப் கிடைத்தால் நல்லதுதான். வாரக்கணக்கில் எடுக்க வேண்டிய தாய்க்கு, இரு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சார பம்ப் நேரத்தை மிச்சப்படுத்தும். காம்பின் மேல் வைக்கும் புனல் சரியான அளவில் இருக்க வேண்டும், சிறிதானால் காம்பு உரசிப் புண்ணாகும். பம்ப் இருந்தாலும் கையை ஒதுக்க முடியாது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் ஜேன் மார்ட்டன், குறைமாதப் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் நடத்திய ஆய்வை 2009இல் வெளியிட்டார். முதல் மூன்று நாட்களில் ஒரு நாளைக்கு ஐந்து முறைக்கு மேல் கையாலும் எடுத்த தாய்மாருக்குப் பின்னாளில் அதிகப் பால் இருந்தது. பம்ப் ஓடும்போதே கையால் நீவி அழுத்தக் கற்றுக்கொண்ட பிறகு தினசரிப் பால் அளவு 48 விழுக்காடு உயர்ந்தது. பம்ப் வாங்க வசதியில்லாத தாய் இதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். சீம்பால் சொட்டும் முதல் நாட்களில் பம்பைவிடக் கைதான் சிறந்த கருவி.

எவ்வளவு வந்தால் போதும்? முதல் நாள் சில சொட்டுகள் வந்தாலே அது வெற்றிதான். அந்தச் சொட்டுகளைச் சிரிஞ்சில் எடுத்துக் குறைமாதப் பிள்ளையின் வாயில் தடவுகிறோம். இரண்டு வார முடிவில் ஒரு நாளைக்கு அரை லிட்டரை நெருங்கினால் தைரியமாக இருக்கலாம். ஒன்று முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லி லிட்டர் குடிக்கிறது. ஆனால் தாய்க்குத் தாய், பிள்ளைக்குப் பிள்ளை இது நிறைய மாறும். பக்கத்துக் கட்டில் தாயின் பாட்டிலைப் பார்த்து யாரும் மனம் தளரக் கூடாது.

எடுத்த பாலை வைக்கும் விதம்

அறை வெப்பத்தில், அதாவது 25 டிகிரி வரையில், நான்கு மணி நேரம் வைக்கலாம் என்பது பொதுக் கணக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, எடுத்ததும் கொடுப்பதோ ஃபிரிட்ஜில் வைப்பதோதான் நல்லது. ஃபிரிட்ஜின் கதவில் வைக்காமல் உள்தட்டில் வைத்தால், ஆரோக்கியமான பிள்ளைக்கு நான்கு நாள் வரை கொடுக்கலாம். நன்றாக உறைய வைக்கும் ஃபிரீசரில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். குறைமாதப் பிள்ளைக்கு மருத்துவமனை சொல்லும் கணக்கு இதைவிடக் கடுமையாக இருக்கும், அதையே பின்பற்றுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் தேதியும் நேரமும் எழுதுங்கள். அடுப்பில் காய்ச்ச வேண்டாம், மைக்ரோவேவில் வைக்க வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் கிண்ணத்தை வைத்தால் போதும். கொழுப்பு மேலே ஆடையாகப் பிரிந்திருந்தால் பால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

கொடுப்பதற்குப் பால் பாட்டில் வேண்டாம். நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடை இருக்கிறதே, அதைத்தான் இந்தியா முழுக்கப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இன்று பயன்படுத்துகிறார்கள். கழுவுவது எளிது, பிள்ளையும் ரப்பர் காம்புக்குப் பழகிவிடாது. இடைவெளி முடிந்து மார்புக்குத் திரும்பும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்

இடைவெளிகளில் கடினமானது குறைமாதப் பிள்ளையின் தாய்க்கு நேர்வதுதான். அவள் இன்னும் ஒரு முறைகூட மார்பில் போட்டிருக்க மாட்டாள். பல வாரங்கள் பிள்ளைக்குச் சப்பும் வலுவே இருக்காது. அந்தப் பிள்ளைக்குத்தான் தாய்ப்பால் மருந்தாகவும் தேவைப்படுகிறது. குறைமாதக் குடலைத் தாக்கும் கொடிய அழற்சியிலிருந்து காப்பதில் தாய்ப்பாலுக்கு இணையாகப் பவுடர் பால் இல்லை.

1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில், மருத்துவர் எட்கர் ரே குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சோடு தோல் படக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று இன்று உலகமே அதைப் பின்பற்றுகிறது. பிள்ளையின் உடல் சூட்டைக் காக்கும் அதே அணைப்பு தாயின் பாலையும் காக்கிறது. பிள்ளையை நெஞ்சில் வைத்திருந்து எழுந்ததும் பால் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அதற்கு வழியில்லாதபோது பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை மடியில் வைத்துக்கொள்ளலாம், கைபேசியில் பிள்ளையின் படத்தைப் பார்க்கலாம்.

தாயின் பால் போதாத நாட்களுக்குப் பால் வங்கி இருக்கிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸின் முயற்சியால் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் இயங்குகின்றன. வங்கிப் பால் ஒரு பாலம்தான், அதைக் கொடுக்கும்போதும் தாய் தன் பாலை எடுப்பதை நிறுத்தக் கூடாது.

தாயே தீவிர சிகிச்சையில் நினைவின்றிக் கிடந்தால், அவளுடைய மார்பையும் நாம் பார்க்க வேண்டும். நாடித்துடிப்பைக் குறிப்பதுபோல் மார்பு கனத்திருக்கிறதா என்று குறிக்க வேண்டும், பால் கட்டாமல் எடுத்துவிட வேண்டும். அவள் கண் விழித்துக் கேட்கும் முதல் கேள்விக்கு நம்மிடம் நல்ல பதில் இருக்க வேண்டும்.

பத்தியமும் பழக்கமும்

பால் ஊற நம் வீடுகளில் பூண்டுக் குழம்பு வைக்கிறோம், பால்சுறாப் புட்டு செய்கிறோம், முருங்கைக்கீரை ஆய்கிறோம். பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் பால் கொடுக்கும் தாய்க்கு முருங்கைக்கீரைதான். இவை நல்ல உணவுகள். பால் கொடுக்கும் தாய்க்குக் கூடுதலாக 500 முதல் 600 கலோரி தேவைப்படுகிறது, அதை அன்போடு சமைத்துப் போடுங்கள். ஆனால் எடுக்காத பாலுக்கு எந்தப் புட்டும் ஈடு செய்யாது. பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் பத்தியத்தை மட்டும் விட்டுவிடுங்கள், தாகம் எடுக்கும்போதெல்லாம் அவள் குடிக்கட்டும். பால் ஊறுவதற்கென்று டோம்பெரிடோன் போன்ற மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அது இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது, மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

இன்னொரு பழக்கம், பாலை நிறுத்த மார்பில் மல்லிகைப்பூவைக் கட்டுவது. நம் மருத்துவர்கள் இதை ஆராய்ந்து 1988இல் ஓர் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதினார்கள். பூக்கட்டியபோது புரோலாக்டின் குறைந்ததையும், பாலை வற்ற வைக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரைக்கு நிகராகப் பால் சுரப்பு அடங்கியதையும் பார்த்தார்கள். பிள்ளையை இழந்த தாய்க்கு அது உதவலாம். பத்து நாளில் பிள்ளை திரும்பி வரப்போகிற தாய்க்குக் கனம் தாங்கவில்லை என்று மல்லிகையைக் கட்டாதீர்கள். பால் வற்றும் மாத்திரையும் அவளுக்கு வேண்டாம். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரினும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் பாலைக் குறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குறைந்துவிட்டாலும் முடிந்துவிடவில்லை

எல்லாம் செய்தும் பால் குறைந்திருக்கலாம். கவலை வேண்டாம். நின்றுபோன பாலை மறுபடி வரவழைக்க முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் 1998இலேயே ஒரு தனி நூல் வெளியிட்டு வழிமுறைகளைத் தொகுத்திருக்கிறது. பிள்ளை சிறியதாக இருந்தால், இடைவெளி குறுகியதாக இருந்தால், மீட்பது எளிது. தோலோடு தோல் அணைத்து, பிள்ளை அரைத்தூக்கத்தில் இருக்கும்போது மார்பில் போட வேண்டும். பசியில் அலறும்போது திணிக்கக் கூடாது. முன்பே கொஞ்சம் பாலை எடுத்துவிட்டு, பால் இறங்கத் தொடங்கியதும் வாயில் வைத்தால் பிள்ளைக்கு உடனே பலன் தெரியும். மெல்லிய குழாயைக் காம்பருகே ஒட்டி, எடுத்த பாலை அதன் வழியே கொடுத்துக்கொண்டே சப்ப வைக்கும் முறையும் இருக்கிறது. இதற்குச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதுவரை பிள்ளைக்குத் தேவையான பாலைப் பாலாடையில் கொடுத்து, எடை கூடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தனைக்கும் பிறகு முழுப் பால் வராத தாய் இருந்தால், அவள் எடுத்த ஒவ்வொரு மில்லியும் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவளைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இது தாயின் வேலை மட்டும் இல்லை

நாள் ஒன்றுக்கு எட்டு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் என்றால் நான்கு மணி நேரம் ஆகிறது. கிண்ணம் கழுவும் நேரம் தனி. இந்த நான்கு மணி நேரத்தை ஒரு பெண்ணுக்கு யார் தருவது? அதுதான் உண்மையான கேள்வி.

சட்டம் ஓரளவு தந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம், பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை வகுத்தது. 2017 திருத்தம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு விடுப்பை 26 வாரமாக்கி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. தமிழ்நாட்டு அரசு 2015இல் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பால் பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது, இலவச மாதிரி தரக் கூடாது என்று 1992லிருந்து நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு துணிக்கடை விற்பனைப் பெண்ணுக்கோ பின்னலாடைத் தொழிலாளிக்கோ, பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கதவு சாத்தி உட்கார ஓர் இடமும் இருபது நிமிடமும் கிடைப்பது இன்னும் முதலாளியின் மனசைப் பொறுத்தே இருக்கிறது.

ஆகையால் என் வேண்டுகோள் தாய்மாரிடம் மட்டும் இல்லை. மாமியார்மாரே, அம்மாமாரே, "பால் இல்லை" என்ற சொல்லை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள், "எடுத்துப் பாரும்மா, நான் கிண்ணம் கழுவித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். கணவன்மாரே, இரவு இரண்டு மணிக்கு அவள் எழும்போது நீங்களும் எழுங்கள், எடுத்த பாலை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை. மருத்துவர்களே, "பாலை நிறுத்து" என்று எழுதும்போது எத்தனை நாள், எப்படி எடுப்பது, எப்போது மறுபடி தொடங்குவது என்ற மூன்றையும் அதே சீட்டில் எழுதுங்கள். வேலை கொடுப்பவர்களே, ஓர் அறையும் ஒரு நாற்காலியும் ஒரு தாழ்ப்பாளும் கொடுங்கள். மாணவிகளே, கையால் பால் எடுக்கக் கற்றுக்கொடுக்கத் தெரியாத செவிலியராக யாரும் வெளியே போகாதீர்கள்.